பிளம் மரங்களுக்குச் சுண்ணாம்பு

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சண்டை ஓய்ந்து நாலு வருஷத்துக்கு மேல் ஆன பிறகும், வேன் ஓட்டிக்கொண்டு போகும்போது ஒரு சக்கரம் தார் ரோட்டை விட்டு இறங்கினால் மண்ணுக்குள் கண்ணிவெடி இருக்குமோ என்று அப்படியே பிரேக் போட்டுவிடுவேன். வழியில் அவசரம் என்றால்கூட ஓரத்துப் புல்லில் ஒதுங்க மாட்டேன். வேனின் இரண்டு கதவையும் மறைப்பாகத் திறந்து வைத்துக்கொண்டு தார் மேலேயே உட்காருவேன். பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. சிரிக்கட்டும், எனக்கு இரண்டு காலும் இருக்கிறது.

தூஸ்லா நகரத்தில் பெண்களாகச் சேர்ந்து ஒரு சங்கம் நடத்தினோம். சண்டையில் விரட்டப்பட்டுச் சொந்த ஊருக்குத் திரும்பிப் போகிற ஏழைக் குடும்பங்களுக்கு வேண்டியதைக் கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் வேலை. ஒரு விறகடுப்பு, மாவு, எண்ணெய், பீன்ஸ் விதை, ஆறு கோழி. அந்த மார்ச் மாதம் எங்கள் பெருநாளான பைராம் பண்டிகைக்கு முன்னால் வீட்டுக்கு இரண்டு மூட்டை சுண்ணாம்பும் சேர்த்தது என் யோசனை. சோற்றுக்கே தாளம் போடுகிறவர்களுக்குச் சுண்ணாம்பு எதற்கு என்று சங்கத் தலைவி கேட்டாள். கரி பிடித்த சுவருக்கு நடுவே எப்படிப் பண்டிகை கொண்டாடுவார்கள் என்று சண்டை போட்டு வாங்கினேன். எனக்கு அதில் ரொம்பப் பெருமை.

யவோரிக் என்ற ஊரில் அப்போது ஒரே ஒரு வீட்டுப் புகைபோக்கியில்தான் புகை வந்தது. அங்கே இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஹைரியாவுக்கு நாற்பத்தெட்டு வயது. அவள் புருஷன் ரெஃபிக்கைத் தொண்ணூற்றிரண்டில் ஓடைப் பாலத்தில் வைத்து எதிரிப் பட்டாளத்தார் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆளும் வரவில்லை, எலும்பும் கிடைக்கவில்லை. இன்னொருத்தி ரெஃபிக்கின் அக்கா ஸும்ரா. அறுபத்திரண்டு வயது, விதவை, இடது முட்டி மடங்காது, வாய் மட்டும் நன்றாக மடங்கும். ஏழு வருஷம் தூஸ்லாவில் ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டு அறையில் முப்பது குடும்பத்தோடு முடங்கிக் கிடந்துவிட்டு, போன நவம்பரில்தான் ஊர் திரும்பியிருந்தார்கள். நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் நாள் முழுக்க ஒருத்தியை ஒருத்தி கடித்துக் குதறுவார்கள். ஒருத்தி இல்லாமல் இன்னொருத்தி ஒரு வாய் சாப்பிட மாட்டாள்.

சுண்ணாம்பு கொடுத்து ஒரு வாரம் கழித்துப் போர்வை கொடுக்கப் போனேன். வீடு பளிச்சென்று இருந்தது. வேனை முற்றத்தில் நிறுத்திவிட்டு, என் கையாலேயே அடித்தது மாதிரி நின்று பார்த்தேன். ஹைரியா காபியை அடுப்பில் ஏற்றிவிட்டு, ஸும்ரா பின்னால் தோட்டத்தில் இருக்கிறாள், பிளம் மரங்களுக்கு அடித்துக்கொண்டிருக்கிறாள், நேற்றிலிருந்து ஆரம்பித்தாயிற்று என்றாள். வசந்தத்துக்கு முன்னால் பிளம் மரத்துக்கு இடுப்பு உயரம் சுண்ணாம்பு அடிக்காவிட்டால் எங்கள் பக்கத்தில் அது தோட்டமே இல்லை. மிச்சச் சுண்ணாம்பு அங்கேதான் போகும். அது எனக்கும் தெரிந்ததுதான்.

பின்வாசல் படியில் நின்று பார்த்தேன். முதல் வரிசை வெள்ளை, இரண்டாம் வரிசை வெள்ளை. மூன்றாம் வரிசையில், முள்ளும் காய்ந்த புல்லும் மண்டிக் கிடந்த இடத்தில், வாளியும் பிரஷ்ஷுமாக ஸும்ரா குனிந்திருந்தாள். தோட்டத்தைப் பற்றி வெடி தேடும் ஆட்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். வீடும் முற்றமும் கிணறு வரைக்கும் பார்த்தாயிற்று, மீதியை வெயில் காலத்தில் வந்து பார்ப்போம், அதுவரை போகாதீர்கள் என்று. அப்படித்தான் எல்லா ஊரிலும் சொல்வார்கள், ஒருவரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். நான் பிறந்த தோட்டத்துக்குள் போக எவனிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று ஸும்ரா கேட்டாளாம்.

ஹைரியா என் பக்கத்தில் வந்து நின்று சிரித்தாள். "எங்க நாத்தனாருக்கு வந்த கோவத்த நீங்க பாத்திருக்கணும். பத்துப் பன்னெண்டு மரத்துல எவனோ சிவப்புப் பெயிண்ட்டால வளையம் போட்டு வச்சிருந்தான். காட்டுல வெட்டப்போற மரத்துக்குப் போடுவாங்களே, அந்த மாதிரி. எங்க மரத்த வெட்டி அடுப்பெரிக்கப் பாத்திருக்கானுங்க. அக்கா ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு தடவ அடிச்சு அழிச்சிட்டாங்க."

அந்தச் சிவப்பு வளையத்தைப் பற்றி எனக்கு முன்பே தெரியும்.

அக்டோபரில், இவர்கள் திரும்பி வருவதற்கு முந்தைய மாதம், ஓடைப் பாலத்தருகே ஒரு ஆள் கையை நீட்டி என் வேனை நிறுத்தினார். ஓஸ்தோயா. ஓடைக்கு எதிர்க்கரைக்காரர், சண்டையில் எங்களுக்கு எதிரே நின்ற ஜனம். ரெஃபிக் வீட்டுப் பெண்கள் வரப்போகிறார்களாமே, அவர்களிடம் சொல்லிவிடுங்கள், தோட்டத்தில் சிவப்பு வளையம் போட்டிருக்கிறேன், வளையத்தைத் தாண்டிக் காலை வைக்க வேண்டாம், கண்ணிவெடி இருக்கிறது என்றார். நான் நம்பவில்லை. நாங்கள் திரும்பி வருவது பிடிக்காதவர்கள் அந்த நாட்களில் எங்கே பார்த்தாலும் இதே பாட்டைத்தான் பாடினார்கள். கிணற்றில் வெடி, கூரையில் வெடி, கல்லறையில் வெடி. ஏழு வருஷமாக அந்த பிளம்மைப் பறித்துச் சாராயம் காய்ச்சிய ருசி விட்டுப்போகாமல் பேசுகிறான் கிழவன் என்று நினைத்தேன். பதில்கூடச் சொல்லாமல் வேனைக் கிளப்பிக்கொண்டு போனேன். இந்தப் பெண்களிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் பயந்துபோய் வராமலே இருந்துவிடுவார்கள் என்று, ஏதோ பெரிய உபகாரம் செய்கிற நினைப்பில் வாயை மூடிக்கொண்டேன்.

பயந்து பயந்து தார் மேல் உட்கார்ந்தவள்தான் இதைச் செய்தேன். என் காலுக்குத்தான் அந்தப் பயமெல்லாம்.

கத்தக் கூடாது என்று மட்டும் தோன்றியது. காபி ஆயிற்று, வாங்க அக்கா என்று சாதாரணமாகக் கூப்பிட்டால் வந்துவிடுவாள். காபிக்குக் கூப்பிட்டு வராத ஆள் எங்கள் நாட்டில் கிடையாது. ஆனால் போன வழியிலேயே வருவாளா? கிணற்றுப் பக்கம் குறுக்கே விழுந்து வந்தால்? நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஹைரியா என் முகத்தைப் பார்த்துவிட்டாள். என்ன, என்ன என்று கையைப் பிடித்து உலுக்கினாள். அந்த வளையம் வெட்டுவதற்கு இல்லை, வெடிக்கு என்று அவள் காதில் சொன்னேன். சொல்லி முடிக்கவில்லை.

"அக்கா! அசையாத! கண்ணிவெடி!"

ஸும்ரா நிமிர்ந்தாள். கையில் வாளி, ஒரு கால் முன்னால். நேற்று முழுக்கவும் இன்று காலையிலிருந்தும் அங்கே போய் வந்து, உட்கார்ந்து எழுந்து, முள்ளை மிதித்து நடந்தவள், அந்த ஒரு வார்த்தையில் நின்றுபோனாள்.

"நேத்திலேர்ந்து நடந்துகிட்டுத்தானடி இருக்கேன்," என்றாள். "ஒண்ணும் ஆகலயே." முன்னால் வைத்த காலைக் குனிந்து பார்த்தாள். பிறகு குரல் மெலிந்து, என்னைப் பார்த்துக் கேட்டாள். "ஷெவாலா, இந்தக் கால எடுக்கட்டுமா?"

"எடுக்காதீங்கக்கா. நில்லுங்க."

வேனில் வயர்லெஸ் இருந்தது. ஓடிப்போய்ச் சங்கத்து ஆபீஸைக் கூப்பிட்டேன். வெடி எடுக்கும் குழு வர இரண்டு மணி நேரம் ஆகும், அதுவரை நிற்கிற ஆள் நிற்கிற இடத்திலேயே நிற்க வேண்டும், வேறு யாரும் உள்ளே போகக் கூடாது என்றார்கள். வந்து ஸும்ராவிடம் கத்திச் சொன்னேன். "ரெண்டு மணி நேரமா? எம் முட்டிக்கு ரெண்டு நிமிஷம்னு சொல்லு," என்றாள். கேலி அதோடு நின்றது. கை நீட்டி ஈரச் சுண்ணாம்பு மரத்தைப் பிடித்துக்கொண்டாள். உட்காரட்டுமா என்று கேட்டாள். உட்கார்ந்தால் எதன் மேல் உட்காருவாளோ. வேண்டாம் என்றேன். அவள் மடங்காத கால் நடுங்குவது படியிலிருந்தே தெரிந்தது.

அப்போதுதான் புல்லில் வெள்ளைப் பொட்டுகளைப் பார்த்தேன். வாளியிலிருந்து சொட்டிய சுண்ணாம்பு. அவள் நடந்த இடமெல்லாம் சொட்டியிருந்தது. படியிலிருந்து முதல் வரிசை, அங்கிருந்து இரண்டாவது, அதற்கப்புறம் முள்ளுக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாக. அதை மிதித்துக்கொண்டே போனால் அவளிடம் போய்விடலாம். நான் படியிலிருந்து ஒரு காலை இறக்கினேன். முதல் பொட்டின் மேல் வைத்தேன். அடுத்த காலைத் தூக்க முடியவில்லை. காலைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். இதை யாரும் பார்க்கவில்லை, நானே சொன்னால்தான் உண்டு.

அப்புறம், வளையம் போட்டவருக்கு வெடி இருக்கும் இடம் தெரியும் என்று, வேனை எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் போனேன். எந்த நொடியும் பின்னால் அந்தச் சத்தம் கேட்கும், கேட்கும் என்று காது முழுக்க முதுகுப் பக்கமே இருந்தது.

ஓஸ்தோயா விறகு பிளந்துகொண்டிருந்தார். வேனை நிறுத்தி, இறங்காமலே சொன்னேன், ஸும்ரா உங்கள் வளையத்துக்குள்ளே நிற்கிறாள் என்று. அவர் கோடாலியைக் கீழே வைத்தார். எத்தனாவது வரிசை என்று மட்டும் கேட்டார். மூன்று என்றேன். கிழவர் கையைக்கூடத் துடைக்கவில்லை. வீட்டுக்குள் போகவில்லை, யாரிடமும் சொல்லவில்லை, அப்படியே ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

போகும் வழியில் அவராகவே சொன்னார். பட்டாளத்தான் நெற்றியில் துப்பாக்கியை வைத்து மண்வெட்டியைக் கையில் கொடுத்தான், குழி தோண்டியது நான், புதைத்தது அவர்கள் என்றார். மொத்தம் ஒன்பது. அதில் இரண்டு, காலில் தட்டினால் வெடிக்கும்படி கம்பி இழுத்துக் கட்டியவை. இரண்டாம் வரிசைக்கும் மூன்றாம் வரிசைக்கும் நடுவே. நேற்றிலிருந்து அவள் அந்தக் கம்பியை எத்தனை தடவை, எப்படித் தாண்டினாளோ. வளையத்தை யார் அழித்தது என்று கேட்டார்.

"நாங்கதான்," என்றேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஸும்ரா மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். முகம், மார்பு எல்லாம் சுண்ணாம்பு. ஹைரியா படியில் மண்டியிட்டு ஒரு வாய் ஓதுவதும் ஒரு வாய் அவளைத் திட்டுவதுமாக இருந்தாள். "உக்காந்தே, கொன்னுபோடுவேன் உன்ன. கேக்குதா? என்னத் தனியா விட்டுட்டுப் போகலாம்னு பாக்காத." ஓஸ்தோயாவைப் பார்த்ததும் அவள் எழுந்து விலகி நின்றாள். எட்டு வருஷமாக அந்தக் குடும்பத்தோடு பேச்சில்லை. அதற்கு முன்னால் முப்பது வருஷம் ஓடைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்தவர்கள்.

அவர் சிலுவை போட்டுக்கொண்டு இறங்கினார். மரத்தைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டே போனார். வெள்ளைப் பொட்டைப் பார்ப்பார், காலை வைப்பார். இரண்டாம் வரிசை தாண்டியதும் மண்டி போட்டு, முள்ளை விரலால் ஒவ்வொன்றாக விலக்கினார். அங்கே எதையோ பார்த்தார், நெடுநேரம் அசையவே இல்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூடினால் காது கூர்மையாகிறது, திறந்துகொண்டேன். ஹைரியா என் தோளைப் பிடித்த இடத்தில் நகம் இறங்கியிருந்தது, அது வலிக்கிறது என்பதே பிறகுதான் தெரிந்தது.

ஓஸ்தோயா ஸும்ராவுக்கு எதிரே போய் நின்றார்.

"கையக் குடு, ஸும்ரா."

"கையெல்லாம் சுண்ணாம்பு," என்றாள்.

"பரவால்ல. குடு."

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கொடுக்காமலே இருந்துவிடுவாளோ என்று பயந்தேன். அவள் பிடிவாதம் எனக்குத் தெரியும். கடைசியில் மரத்தை விட்டாள். அவர் திரும்பி நின்று, பின்னாலிருந்து பெல்ட்டைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அவர் கால் எடுத்த இடத்தில் அவள் கால் வைத்தாள். கம்பி இருந்த இடத்தில் நின்று, தூக்கு என்றார். முட்டி மடங்கவில்லை. "தூக்கு. இன்னும். இன்னும் கொஞ்சம்." அவள் இரண்டு கையாலும் தன் தொடையைப் பிடித்துத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தாள். ஒரு தரம் தள்ளாடினாள். அவர் நகரவில்லை, சுவரில் சாய்கிற மாதிரி அவர் முதுகில் சாய்ந்து நின்றுகொண்டாள். பிறகு இரண்டாம் வரிசை. பிறகு முதல் வரிசை. படியில் அவள் கால் பட்டதும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஸும்ரா உட்காரவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு ஓஸ்தோயாவின் எதிரே வந்தாள். வளையம் போட்டது நீயா என்று கேட்டாள். அவர் ஆமாம் என்றார். ஓங்கி ஒரு அறை விட்டாள். அவர் தொப்பி கீழே விழுந்தது, கன்னத்தில் ஐந்து விரலும் வெள்ளையாகப் பதிந்தது.

"நவம்பர்லேர்ந்து எங்க வீட்டுப் பொகையப் பாத்துக்கிட்டுத்தானே இருந்த? சாகட்டும்னு விட்டுட்டியா? ஒரு வார்த்த சொல்ல உனக்கு வாயில்லையா?"

அவர் என்னைப் பார்த்தார். ஒரே ஒரு கணம். பிறகு குனிந்து தொப்பியை எடுத்தார்.

"சொல்லியிருக்கணும், ஸும்ரா. எந் தப்புதான்," என்றார். தொப்பியை உதறித் தலையில் வைத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்தார்.

ஹைரியா என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நீங்கள் இன்றைக்கு வராவிட்டால் என்ன ஆகியிருக்கும், அல்லாதான் அனுப்பியிருக்கிறான் என்று அழுதாள். தோட்டத்தைப் பார்த்தபோது இருந்த பயம் வேறு, இது வேறு. சொல்லாமல் விட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. அந்தக் கிழவர் சாகிறவரை வாயைத் திறக்க மாட்டார், அது அந்த ஒரு பார்வையிலேயே தெரிந்துவிட்டது. சொன்னால் இந்த வீட்டில் எனக்கு இனி இடமில்லை. எந்த வீட்டிலும் இல்லை.

"அவர் சொன்னார்," என்றேன். "அக்டோபர்லயே சொன்னார். பாலத்துல வேன நிறுத்தி எங்கிட்டச் சொன்னார். நாந்தான் உங்ககிட்டச் சொல்லல."

ஹைரியா என் கையை விட்டாள். தட்டிவிடவில்லை, மெதுவாகத்தான் விட்டாள்.

ஸும்ரா என்னைத் திட்டுவாள், அடிப்பாள் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு, என்ன சொன்னான், ஒரு வார்த்தை விடாமல் சொல் என்றாள். சொன்னேன். ரெஃபிக் வீட்டுப் பெண்கள் வரப்போகிறார்களாமே என்று ஆரம்பித்ததிலிருந்து, சிவப்பு வளையம், கால் வைக்க வேண்டாம், வெடி இருக்கிறது, எல்லாம்.

"ரெஃபிக் பேரச் சொன்னானா?"

"சொன்னார்."

"வேற?"

"வேற என்னமோ சொல்ல வந்தார். கண்ணாடிக்குப் பக்கத்துல வந்து குனிஞ்சு, மெதுவா என்னமோ ஆரம்பிச்சார். நான் கண்ணாடிய ஏத்திட்டேன். அப்புறமும் அவர் வாய் அசைஞ்சுகிட்டே இருந்துச்சு. எனக்குக் கேக்கல."

இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். ரெஃபிக்கைப் பிடித்துக்கொண்டு போன பாலத்தருகேதான் ஓஸ்தோயாவின் வீடு. எட்டு வருஷமாக எதிர்க்கரையிலிருந்து ஒரு ஆள்கூட ரெஃபிக்கின் பெயரை வாயால் சொன்னது கிடையாது. உள்ளே காபி பொங்கி அடுப்பில் வழிகிற வாசனை வந்தது. யாரும் போகவில்லை.

ஹைரியா ரோட்டைப் பார்த்தாள். ஓஸ்தோயா வளைவு திரும்பி மறைந்திருந்தார். அவள் வீட்டுச் செருப்போடு முற்றத்தில் இறங்கி ஓடினாள். அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள், பிறகு தன் புருஷன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள், பிறகு எதைச் சொல்லிக் கூப்பிடுகிறாள் என்றே புரியவில்லை. ஸும்ரா காலை இழுத்துக்கொண்டு அவள் பின்னால் போனாள். நான் வேனில் ஏறிச் சாவியைப் போட்டேன். கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டுக்கொண்டேன்.